நான் கேட்டு வாங்கிய பனியன்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். பெரிய மனிதர்களிடம் பேசவே பயம். ஆனாலும் உத்திரமேரூர் கபடிப் போட்டிக்கு எங்கள் அணிக்குப் பனியன் கேட்டு, வாலாஜாபாத் ரைஸ்மில் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"முதுகுல மில்லு பேரு போட்டுக்கிறோம், ஐயா."

"போட்டுக்கோ. ஆனா என் மச்சான் புள்ள ஆடணும்."

ஆடுகிற எங்கள் ஏழு பேரில் யாரை வெளியே நிறுத்துவார்களோ என்று வழியெல்லாம் கவலை. விஷயத்தைச் சொன்னதும் கேப்டன் குமார் சிரித்தான்.

"இன்னாடா முழிச்சிக்கினு கீற? நீதான கேட்டுக்கினு வந்த. நீயே வுட்டுக் குடு."

விட்டுக் கொடுத்தேன். கோட்டுக்கு வெளியே நின்று, அவர்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஜெயித்தார்கள். நானும் கை தட்டினேன்.

அடுத்த போட்டிக்கும் பனியன் கேட்க என்னையே அனுப்பினார்கள். மறுத்தால் அணியை விட்டே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, மறுபடியும் மில்லுக்குப் போனேன். ஆடவே விடாத அணியில் எனக்கு என்ன இடம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.