சீரகத் தண்ணீர் என்று நீட்டிய பாட்டில்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாத மத்தியானம். திருவனந்தபுரம் பழவங்காடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் நடந்தது.

வித்துராவிலிருந்து ஒரு ரப்பர் விவசாயி வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளுக்காக லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த அவருடைய துப்பாக்கியின் குழலுக்கு நான் பழைய முறையில் கறுப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். அமிலத்தில் இரும்பைக் கரைத்த கரைசலைப் பூசி, துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டால் துரு கறுத்துவிடும். தேய்த்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். இப்படி ஏழெட்டுத் தடவை.

அவர் ஆசையாக விசாரிக்கவும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் என்று பாதுகாப்பைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனிதர், நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் மனைவி கொடுத்துவிட்ட சீரகத் தண்ணீர் மேஜையில் இருந்தது. பேச்சு மும்முரத்தில் பார்க்காமலே எடுத்து நீட்டினேன்.

சீரகம் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கும் இந்த ஊரில் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? மூடியைத் திறந்து அண்ணாந்தவர், சட்டென்று கையை இறக்கினார்.

“அண்ணா, இது குடிக்கிற வெள்ளம் இல்ல கேட்டோ. ஆசிட் மணம் வருது.”

அந்தக் கரைசலேதான். பூசுவதற்கு வசதியாக இருக்கட்டும், ஒரு நாள்தானே என்று காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அதே மேஜையில் வைத்தவன் நான். அந்த வாடையிலேயே கிடந்து என் மூக்கு மரத்துப்போயிருந்தது. பாட்டிலை வாங்கி மூடித் தள்ளி வைத்தேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவர் தொண்டை வெந்திருக்கும்.

அவர் திட்டவே இல்லை. “எங்க வீட்டுல ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் உண்டு. எந்தக் குப்பிய தொறந்தாலும் மூக்குதான் முதல்ல போகும்” என்று சிரித்தார்.

பக்கத்துக் கடையில் புது பாட்டில் வாங்கிவர எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். “எதுக்கு? வீட்டுச் சீரக வெள்ளம் இருக்குல்லா, அதையே தாங்க.”

நான் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தேன். மிச்சத்தை அவர் முழுக்கக் குடித்தார்.

இப்போது கரைசல், பெயர் ஒட்டிய கண்ணாடி ஜாடியில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. குடிதண்ணீர் பட்டறைக்குள் வருவதே இல்லை. உயிருக்கே உலைவைக்கப் பார்த்த அதே கையிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தாரே, அந்த நன்றியில்தான் நான் இன்றும் ஒவ்வொரு மூடியையும் இறுக்கி மூடுகிறேன்.