எதிர்வீட்டுக்காக வளர்த்த பந்திப்பூ

புழுவை நசுக்குவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. தக்காளிக் காய்க்குள் தலையை நுழைத்து, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தின்கிற அந்தப் பச்சைப் புழுவைப் பிடித்து இழுக்கும்போது வருகிற திருப்தி, திருமலை லட்டைப் பிட்டு வாயில் போடும்போதுகூட வந்ததில்லை. ஆனாலும் அந்தப் புழுவையே காப்பாற்றி, நல்ல இடம் பார்த்துக் குடிவைத்த காலமும் எனக்கு உண்டு. எதிர்வீட்டு அக்காவின் மேல் இருந்த ஆத்திரம் அப்படி.

திருப்பதியில் எங்கள் காலனியில் எல்லாருக்கும் அவர் அக்காதான். விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் கூடையும் கொக்கி வைத்த கம்புமாகத் தெருவில் இறங்கிவிடுவார். எந்த வீட்டுச் சுவரைத் தாண்டிப் பூ எட்டிப் பார்த்தாலும் அது அவர் வீட்டுப் பெருமாளுக்கு. யாராவது முகம் சுளித்தால், "தேவுடிக்கே கதா?" என்று தெலுங்கில் ஒரு போடு போடுவார். சாமிக்குத்தானே என்று அர்த்தம். ஏழுமலையான் இருக்கிற ஊரில், சாமிக்குப் பூ தரமாட்டேன் என்று வாய் திறக்க யாருக்குத் தைரியம் வரும்? எனக்கும் வரவில்லை.

பூஜையில் வாடிய பூவையும் அவர் வீணாக்க மாட்டார். "சாமி மேல இருந்த பூவு கால்ல மிதிபடக் கூடாதும்மா. குப்பைலயும் போடக் கூடாது. அதான் மாடில தக்காளித் தொட்டிங்க இருக்குதே, அதுல போட்டுட்றேன். எப்டி காய்க்குது பாரு!" என்பார். இந்தப் பேச்சை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

நான் நகரிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்த வருஷம், ஆடி மாதத்தில் முன்சுவரோரம் தக்காளி நட்டேன். அதற்குக் காவலாக ஒரு வரிசை பந்திப்பூ. செண்டுமல்லி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். நைனா, அதாவது என் அப்பா, தக்காளிக் கொல்லையில் அதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஏன் வைக்கிறார் என்று கேட்டதில்லை. அந்த வாசனைக்குப் பூச்சி ஓடிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தி பூத்தது. அக்கா பறித்தார். மொட்டைக்கூட விடவில்லை. கொஞ்ச நாளில் என் தக்காளி முழுக்க ஓட்டை. பழுக்கிற வரைக்கும் காத்திருக்காமல் காயிலேயே குடைந்து தள்ளியிருந்தது புழு. தக்காளிச் செடிகளை மட்டும் பிடுங்கிப் போட்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை அக்கா வீட்டில் பஜனை. கோவிந்தா போட்டு முடித்ததும் எல்லாப் பெண்களுக்கும் வெற்றிலை பாக்கோடு மாடித் தக்காளியும் கொடுத்தார். எனக்கு மட்டும் மஞ்சள் துணிப்பை நிறைய. "பாவம் இந்தம்மா, முட்டி தேய நட்டுது. ஒண்ணும் வாய்க்கல. சில பேரு கைக்கு மண்ணு ஒத்துக்காது," என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் பின்னால் பெருமாள் படத்தில் என் வீட்டுப் பந்திப்பூ மாலை தொங்கிக்கொண்டிருந்தது. விவசாயி மகளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தக்காளியில் ரசம் வைத்தேன். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டார்கள். நான் மட்டும் ரசத்தைத் தொடாமல் மோர் ஊற்றிக்கொண்டேன். பையை மட்டும் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஊரில் பயிர் வைக்கிற தம்பிக்குப் போன் போட்டேன். "யக்கா, பந்திப்பூ வாசனைக்கா வெக்கிறாங்க? தாய்ப்பூச்சி மொதல்ல அந்தப் பூவுலதான் முட்ட வெக்கும். புழு அங்கியே துன்னுக்கினு கெடக்கும். நீ தெனம் போயி பொறுக்கி நசுக்கிக்கினே இருக்கணும். பூவ அல்லாம் பறிச்சிட்டா அது எங்க போவும்? நேரா தக்காளிக்குத்தான் வரும்," என்றான்.

"அப்ப என் தக்காளிய கெடுத்தது புழு இல்லடா," என்றேன். யார் என்று கேட்டான். பேச்சை மாற்றினேன்.

கார்த்திகையில் மழை விட்டதும் மறுபடி நட்டேன். இந்த முறை தக்காளியும் அதற்குக் காவல் பந்தியும் வீட்டுக்குப் பின்னால், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில். முன்சுவரோரம் வெறும் பந்திப்பூ, அதிலும் இதழ் அடர்ந்த பெரிய ரகம். அந்த வரிசை அக்காவுக்கு.

பின்பக்கத்துப் பூவை யாரும் பறிக்கவில்லை. காலையில் காபி குடித்ததும் போய், இதழைப் பிரித்துப் பிரித்துப் புழு எடுப்பேன். முதலில் சோப்புத் தண்ணீரில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள், இதை ஏன் வீணாகக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது. பெரியதை நசுக்கிவிட்டு, வெளியே தெரியாத சின்னப் புழுக்களை மட்டும் முன்பக்கம் கொண்டுபோய், நல்ல பூவாகப் பார்த்து உள்ளே விட்டேன். "துன்னு, நல்லா துன்னு" என்று சொல்லியும் வந்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

அக்கா கூடையோடு வந்தால் நானே கேட்டைத் திறந்துவிட்டேன். "இன்னாம்மா, இவ்ளோ பக்தி வந்துட்ச்சு?" என்றார். "உங்களப் பாத்துதாங்க்கா," என்றேன். பூ பெருமாளுக்குப் போனது. மறுநாள் பெருமாளிடமிருந்து தக்காளித் தொட்டிக்குப் போனது. நான் மாடிப்படி ஏற வேண்டிய வேலையே இல்லை.

மாசியில் ஒரு காலை அக்கா கூடை இல்லாமல் வந்தார். உள்ளங்கையில் ஓட்டை விழுந்த தக்காளிக் காய். "மாடி மொத்தமும் இப்டித்தாம்மா. மருந்தடிச்சும் போவல," என்றவர், திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாக என் செடிகளைப் பார்த்துவிட்டார். செக்கச்செவேல் என்று காய்த்துத் தொங்கியது. அலமாரியிலிருந்து அந்த மஞ்சள் பையை எடுத்துவந்து, நிறையத் தக்காளி பறித்துப் போட்டு நீட்டினேன்.

"எடுத்துக்கினு போங்கக்கா. சில பேரு கைக்கு மண்ணு ஒத்துக்காது."

அவர் முகம் சுண்டிப்போனது. பையை வாங்கிக்கொண்டார். எனக்கு இரக்கம் வந்ததா என்றால், இல்லை. பஜனைக்கு வந்த பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லையே என்ற வருத்தம்தான் வந்தது.

ஆனால் அக்கா லேசுப்பட்டவர் இல்லை. பின்பக்கத்துப் பந்திச் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தப் பூவ கூட வெச்சதாலதான் புழு வரலியா?" என்றார்.

"ஆமாங்க்கா, அதான் காவல்," என்றேன். பொய் சொல்லவில்லை. விதை விழுந்து முளைத்திருந்த பந்தி நாற்றுகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். கேட் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"பூத்தா சாமிக்குப் பறிக்கலாமில்ல?"

"தேவுடிக்கே கதா அக்கா?" என்றேன். "ஒரு மொட்டுகூட வுடாம பறிச்சி வெய்ங்க."