கரோலின் திறந்து போடாத படங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் 2006இல் கரோலினைத் திட்டினேனே ஒரு திட்டு, அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூன்று வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் கரோலின். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் கிளாசுக்கு ஓடி, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் தங்கள் சாம்பிள் ஷூ படங்களை லாகின் செய்து பார்க்க ஒரு வெப்சைட் செய்தாள். அந்தப் பையர்களுக்குப் பதில் சொல்கிற வேலை என்னுடையது.

படங்களையெல்லாம் டேட்டாபேஸுக்குள் திணித்திருந்தாள். யார் கேட்டாலும் அவளுடைய புரோகிராமே ஒவ்வொரு படத்தையும் உள்ளேயிருந்து தூக்கிவந்து கொடுக்க வேண்டும். சேர்ந்தாற்போல் பத்துப் படம் கேட்டால் சர்வர் மூச்சு வாங்கி நின்றுவிடும். வெறும் வெள்ளைத் திரையையே பார்த்துச் சலித்த பையர் ஒருவர், ஜெர்மன்காரர், புதன்கிழமை காட்டமாக மெயில் போட்டார்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "சனிக்கிழமைக்குள்ள அவருக்குப் படம் தெரியணும். இல்லன்னா வெப்சைட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பழையபடி மெஷினுக்கே போய்டு."

வெளியே வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார்? எல்லாத்தையும் தெறந்த ஃபோல்டர்ல போட்டு லிங்க் குடுத்துடு. டக்குன்னு வரும்."

"வரும்க்கா. ஆனா லிங்க்குல நம்பரை மாத்தினா இத்தாலிக்காரர் டிசைனும் சேர்ந்து வரும்."

"எவன்டி மாத்திப் பாக்கப் போறான்? வேலை போனப்புறம் உன் நேர்மையை ஊறுகாய் போட்டுக்கோ!"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் திறந்து போடவில்லை, அழுத்தக்காரி.

வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி கேட் பக்கம் டீ குடித்தோம். அங்கே அப்துல் ஹமீத் பாய் லாரிக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சரக்குச் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. பெட்டிகளை லோடுமேன்கள் தூக்கினார்கள். கரோலின் பாதி டீயோடு எழுந்துவிட்டாள். "அய்யோக்கா, நான் சீட்டு பாக்குறவரையே பெட்டியும் தூக்க வச்சிருக்கேன்!"

வெளியிலிருந்து யாரும் நேராக எட்ட முடியாத ஒரு ஃபோல்டருக்குப் படங்களை மாற்றினாள். வந்திருப்பவர் யார், இந்தப் படம் அவருடையதா என்பதை மட்டும் புரோகிராம் பார்க்கும். சரியென்றால் சர்வரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கொண்டுபோய்க் கொடுப்பது சர்வரின் வேலை.

சனிக்கிழமை ஜெர்மன்காரரிடமிருந்து வந்த மெயிலை முதலாளி எங்களை நிற்கவைத்தே படித்தார். படங்கள் உடனே தெரிந்தனவாம். லிங்க்கில் நம்பரை மாற்றி அடுத்தவர் ஷூவைப் பார்க்க முயன்றாராம், முடியவில்லையாம். அந்த நம்பிக்கையில் புது டிசைன்களையும் நமக்கே அனுப்புகிறாராம்.

"உன் சீட்ல போய் உக்காரும்மா" என்றார் முதலாளி.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. "மன்னிச்சிடும்மா" என்றேன். அவ்வளவுதான், கரோலின் விசித்து விசித்து அழ ஆரம்பித்தாள்.

"மெஷினுக்குத் திரும்பிட்டேன்னு அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றதுன்னு மூணு நாளா எனக்குச் சோறே எறங்கல."