ரீனா பார்த்த என் உள்ளங்கை

ஜோகுபாளையத்திலிருந்து உங்கள் சகோதரி பேசுகிறேன். இயேசப்பா எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய லெந்து உபவாச நாட்கள். நான் ஐந்து மாத கர்ப்பிணி. எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. உண்டு, மாத்திரை தவறியதில்லை. பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்பதே என் ஒரே ஜெபம்.

சபையில் என் பக்கத்தில் நிற்பவள் ரீனா. இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவர்கள். அவளுக்கும் எச்.ஐ.வி. உண்டு, ஆனால் அவள் மகனுக்கு இல்லை. அவனைக் கொஞ்சுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் முகம் பளிங்கு மாதிரி. என் உள்ளங்கைகளிலோ செம்புநிறத் திட்டுகள். பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணெய் தடவினேன். "அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும், ஆண்டவரே" என்று முறுமுறுத்தே ஜெபித்தேன்.

ஒரு ஞாயிறு, துதி ஆராதனையில் எல்லோரும் கைகளை உயர்த்தினோம். ரீனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது நமைக்குதா?"

"இல்லையே."

"உள்ளங்கால்லயும் இருக்கா?"

இருந்தது. இவளுக்கு எப்படித் தெரியும்!

"எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. சிஃபிலிஸ்னாங்க, சேர்க்கையில தொத்துற நோயாம். நம்ம மாத்திரை அதத் தடுக்காதுக்கா. திட்டு தானா மறைஞ்சிடும், ஆனா நோய் ரத்தத்துல இருக்கும், பாப்பாவுக்கும் போயிடும். நாளைக்கே டெஸ்ட் குடுங்க, நானும் வர்றேன்."

அவளுக்கும் வந்ததா? மறுநாள் பரிசோதனையில் அதுவேதான் என்று தெரிந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த பரிசோதனையில் அது இல்லை. கணவரைப் பார்த்தேன், அவர் தலை நிமிரவில்லை. அவர் தேடிப் போனவள் யார் என்று இன்றும் மனம் வேகிறது. ஆனால் அழ அன்று நேரமில்லை. இருவருக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள். பிரசவம் வரை ரீனா என்னோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள்.

மகள் பிறந்தாள். அந்த நோய் அவளைத் தொடவில்லை. போன மாதம் கடைசிப் பரிசோதனையும் முடிந்தது; எச்.ஐ.வி.யும் இல்லை. ஸ்தோத்திரம்!

என்னைப் போன்றவர்களே, நமைக்காத தடிப்பையும் வலிக்காத புண்ணையும் சாதாரணமாக விடாதீர்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். கர்த்தர் யாரை அனுப்பினாலும் முகம் திருப்பாதீர்கள்.

என் மகள் இப்போது சபைக்குள் நுழைந்ததும் என் இடுப்பிலிருந்து தாவி ரீனாவிடம் போய்விடுகிறாள். கூப்பிட்டாலும் வருவதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்கும் ஆண்டவருக்கு நன்றி.