நாகேஸ்வரி காணாத வெளிச்சம்

அக்கராயனில் நாகேஸ்வரியை ஏமாற்ற இனித்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். நெல் வாங்க வருகிறவனின் தராசில் முதலில் தானே ஏறி நின்று பார்ப்பாள். முன்பின் தெரியாத முகம் எதைக் கேட்டாலும் தெரியாது என்பாள். சண்டைக்காலத்தில் தலைக்கு மேலே வேவு விமானம் இரைந்து திரிய, கண்டதைக் கண்டபடி சொன்னவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவள் அவள். சூடு கண்ட பூனையைக் குறைசொல்லி என்ன பயன்?

இந்தக் கோடைச் சிறுபோக விதைப்பில் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரம், வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். குளத்துக்கு மேலே வெள்ளை வெளிச்சமொன்று வந்து நின்றது. துளிச் சத்தமில்லை. அதுதான் அவளுக்குப் பொல்லாத பயத்தைக் கொடுத்தது. மண்வெட்டியை எறிந்துவிட்டு வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தால், மேலே மடைக்குக் காவல் நின்ற தங்கராசாவும் சேற்றில் கிடந்தார். வெளிச்சம் வடக்கே வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. தங்கராசா எழும்பி வீட்டுக்கு ஓட்டமெடுத்தார். மடையைப் பூட்ட மறந்துபோனார். புதிதாக விதைத்த வயல்களெல்லாம் வெள்ளத்தோடு போயின.

விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் தலைவர் தில்லைநாதன் தங்கராசாவைப் பிடித்துக்கொண்டார்.

"நித்திரை கொண்டிட்டு வானத்திலை பழியைப் போடாதையுங்கோ."

தங்கராசாவுக்குச் சொந்தக் காணியில்லை. மடைக்காவல் போனால் அடுப்பெரியாது.

"கீழ் வயலிலை நாகேஸ்வரி நிண்டவா. அவாவைக் கேளுங்கோ," என்றார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்போதுதான் நாகேஸ்வரி வாசலைக் கண்டாள். முன்பின் தெரியாத இளம் பெண்ணொருத்தி போனைத் தூக்கிப் பிடித்துப் பதிந்துகொண்டு நின்றாள். யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் பதிகிறாள்? வெளிச்சத்தைக் கண்டாயா என்று கேட்பவர்கள், பிறகு சண்டையில் யாரோடு நின்றாய் என்று கேட்பார்கள்.

"நான் ஒண்டும் காணேல்லை," என்றாள்.

தங்கராசா அவளை ஒருமுறை பார்த்தார். மடைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அந்தப் பெண்ணும் பின்னாலே போய் மோட்டார் சைக்கிளை எடுத்து, "ஏறுங்கோ மாமா," என்றாள்.

நாகேஸ்வரி வாசலுக்கு ஓடினாள். "பிள்ளை ஆர்?"

"நான் சுகந்தினி. இவரின்ரை மருமோள், வட்டக்கச்சியிலை இருந்து வாறன். அங்கையும் கனபேர் அந்த வெளிச்சத்தைக் கண்டவை, ஆனா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. நீங்களாவது சொல்லுவீங்கள், பதிஞ்சு வைச்சா மாமாவுக்கு உதவும் எண்டுதான் வந்தனான்."

நாகேஸ்வரிக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. வெட்கம் தாங்காமல் திரும்ப உள்ளே போனாள்.

"தலைவர், நானும் கண்டனான். வெளிச்சம் வந்தது மெய். நானும் வாய்க்காலுக்கை விழுந்து கிடந்தனான். முதல் சொன்னது பொய்."

தில்லைநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

"அந்தப் பிள்ளை வெளியிலை உங்களுக்கு என்ன தாறன் எண்டவா?" என்று நிதானமாகக் கேட்டார்.

நாகேஸ்வரிக்குக் கோபம்கூட வரவில்லை. தலைவரின் கதிரையில் அவள் இருந்திருந்தால் அதை இன்னும் முதலே கேட்டிருப்பாள்.