ஞாயிற்றுக்கிழமை வரை தொடாதே

கை சும்மா இருக்காத ஜென்மம் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அளவு பார்க்கிற வேலை. மற்றவர்கள் கடைந்து கொடுத்த உருப்படிகளில் நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். கள்ளிக்குப்பத்து வீட்டின் முன்னறை மூலையில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான் ஓடும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு வேறு ஒன்றைப் போடலாம். என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். வந்த வாரமே ஏற்றாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“ஓடிக்கினு கீற வண்டிய எதுக்கு பிரிக்கிற?” என்பாள் மனைவி. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

மகளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்களுக்கு ஒரே பெண். எட்டு வயதிலேயே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். புதுப் பதிப்பு ஏறும்போது திரையில் நகரும் சதவீதத்தை, கபடி ஆட்டத்துக்குப் புள்ளி சொல்வதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒருமுறை நூறு வந்ததும், “புது ஊடு மாதிரிதானப்பா, பால் காய்ச்சணும்” என்றாள். அன்றைக்கு நிஜமாகவே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு மூவரும் டீ குடித்தோம். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை கிரகப்பிரவேசம் நடந்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கணினியில் அவளுக்கென்று தனிக் கணக்கு. திறந்ததும் திரையில் இரண்டு பெயர்கள் வரும், மேலே என்னுடையது, கீழே அவளுடையது. அவள் வளர வளர என்னைவிடக் கெட்டிக்காரியானாள். ஒருமுறை ஒலி வரவில்லை என்று இரண்டு நாள் கோப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்தவள் மேசைக்குப் பின்னால் குனிந்து, கழன்று கிடந்த ஸ்பீக்கர் வயரைச் சொருகிவிட்டு, “இதுக்கா ரெண்டு நாளுப்பா?” என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள். அந்தக் கேலியைக்கூட இப்போது கேட்க மாட்டோமா என்றிருக்கிறது.

படிப்பு முடிந்ததும் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். எஸ்டேட்டிலேயே, என் பட்டறையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த அலுவலகம். அவளுக்கு அந்த வேலைமேல் ஆசை. எனக்கு அதைவிட ஆசை. காலையில் என் வண்டியிலேயே இரண்டு பேரும் போகலாம், சாயங்காலம் சேர்ந்து வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டிலிருந்தபடியே தேர்வு. கேமரா முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். செல்போனில் எழுதக் கூடாது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அப்பா, ஞாயித்துக்கெழம வரைக்கும் அத தொடாத.”

“நான் எதுக்கு தொடப்போறேன்?” என்றேன்.

அந்த வாரம்தான் புதுப் பதிப்பு வந்திருந்தது. சனிக்கிழமை மதியம் அவள் தோழியைப் பார்க்கப் போயிருந்தாள். அரை மணி நேர வேலை, அவள் திரும்புவதற்குள் முடித்துவிட்டால் தேர்வு இன்னும் வேகமாக ஓடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கை அரித்தது, அவ்வளவுதான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். ஏற்றி முடித்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது, கேமராவைத் தவிர. அப்படி ஒரு பொருள் இருப்பதையே புதுப் பதிப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

பழையதையே திரும்பப் போட்டிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். அதற்கு என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அவள் வந்து பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்து போனாள். ஞாயிறு காலையிலும் நான் விசைப்பலகையை விடவில்லை. எட்டு மணிக்கே, ஐயப்பன்தாங்கலில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் என்றாள். “பத்து நிமிஷம் இரு, ஆயிடும்” என்றேன். இப்படியே நாலைந்து பத்து நிமிடம் போனது. கடைசியில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. தாமதமாக வந்தவளைத் தேர்வுத் தளம் உள்ளே விடவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

“நீ அத தொடாம இருந்திருக்கலாம்பா” என்றாள்.

நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குற்ற உணர்ச்சி வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். “உண்மையா படிச்சவளா இருந்தா எங்க வோணும்னாலும் எழுதி பாஸ் பண்ணுவா. மிசின் மேல பழி போடாத” என்றேன்.

மூன்று மாதத்தில் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போய் ஆறு வருடமாகிறது. பேச்சு நிற்கவில்லை. பொங்கலுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், என் மாத்திரை விவரம் கேட்பாள். முன்னறை மூலைக்கு மட்டும் வர மாட்டாள். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். எஸ்டேட் கேட்டில் யாராவது அப்பனும் பெண்ணும் ஒரே வண்டியில் போவதைப் பார்த்தால், அவர்கள் கண்ணிலிருந்து மறையும்வரை என் வண்டியை ஓரங்கட்டி நிற்பேன். என் பெண்ணை நானே கைப்பிடித்துப் புனேக்கு அனுப்பி வைத்தேன்.

இந்த ஆண்டு கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க் முனக ஆரம்பித்தது. புதிது வாங்கி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, பழைய கோப்புகளை அப்படியே நகலெடுத்தேன். கணக்கு உண்டாக்கும்போது, உபயோகிப்பது நான் ஒருவன்தானே என்று என் பெயரை மட்டும் கொடுத்தேன். பிறகு கோப்புறைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். என் கோப்புறைக்கு நேரே உரிமையாளர் என்று என் பெயர். அவளுடையதற்கு நேரே வெறும் 1001. லினக்ஸ் ஆட்களை எண்ணால்தான் நினைவு வைத்துக்கொள்ளும், பெயர் நம் வசதிக்கு. அந்த எண்ணுக்கு உரியவர் பெயரில் கணக்கு இல்லையென்றால் எண்ணை மட்டும் காட்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்ததும் உட்கார முடியாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

இறங்கி வந்து அதே எண்ணில் அவள் கணக்கை மறுபடி உண்டாக்கினேன். பெயர் வந்தது. கடவுச்சொல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவுடன் பேசிக்கொண்டிருக்கையில் போனை வாங்கினேன்.

“உன் அக்கவுண்ட்ட புது டிஸ்க்குல போட்டுக்கீறேன். பாஸ்வேர்டு இன்னா வெக்கட்டும்?”

“ஏதாவது வையிப்பா. நான் எங்க அதுல உக்காரப்போறேன்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“அன்னிக்கி நான் அத தொட்டிருக்கக் கூடாதும்மா” என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

“பரீட்சைய நான் எப்பவோ மறந்துட்டேன்பா. நீ படிக்காதவள்னு சொன்ன பாரு, அதான் போகமாட்டேங்குது.”

“அதுவும் தப்புதான். பெரிய தப்பு. உன்கிட்ட சொல்ல வாய் வரல.”

“வர்றப்ப நானே வெச்சுக்கறேன்” என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

முதல்முறை திறப்பவரே கடவுச்சொல் வைத்துக்கொள்ளும்படி அந்தக் கணக்கை அமைத்துவிட்டேன். அடுத்த வாரமே புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது. இப்போதா, பிறகா என்று கேட்டது. பிறகு என்பதை அழுத்தினேன். தினமும் கேட்கிறது, தினமும் அதையே அழுத்துகிறேன்.

நேற்று மனைவி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “இன்னா, புச்சு வந்து ஒரு மாசம் ஆவுது, இன்னும் ஏத்தாம கீற?”

“அவ வரட்டும்” என்றேன்.