நாலாம் கம்பத்துத் தண்ணீர்

கடற்கரையில் அவளுக்குப் பெயர் பாட்டில் அக்கா. சுகாதார அலுவலகப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருஷமாக வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும் விடியாததுமாக ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். கரையில் ஆறு கம்பங்கள், பெட்டியில் ஆறு பாட்டில்கள். முட்டிக்கு மேல் தண்ணீர் வரும்வரை நடந்து, பாட்டிலைக் கவிழ்த்து உள்ளே அமுக்கி, வருகிற அலையைப் பார்த்து அதன் வாயைத் திருப்பி நிரப்ப வேண்டும். விரல் வாயில் பட்டால் அந்தப் பாட்டில் குப்பைக்குத்தான். இந்த வேலையில் தனக்கு ஈடு யாருமில்லை என்று சொல்லிக்கொள்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

பாட்டில்கள் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொரு தண்ணீரையும் தொண்ணூற்றேழு குழி வைத்த தட்டில் ஊற்றி, சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். மறுநாள் எடுத்து ஊதா விளக்கின் கீழ் காட்டினால், சாக்கடைக் கிருமி இருக்கும் குழிகள் மட்டும் நீலமாக ஒளிரும். கொஞ்சமாக இருந்தால் பச்சைக் கொடி. அதிகமாக இருந்தால் சிவப்புக் கொடி, யாரும் இறங்கக் கூடாது. ஆக, இன்றைக்குப் பறக்கிற கொடி நேற்றைய தண்ணீருக்கு ஏற்றியது. குளிக்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் வீட்டிலேயே குளித்துக்கொள்வார்கள்.

அவர்களுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அது பாட்டில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

நாலாம் கம்பத்துக்குப் பக்கத்தில் மழைநீர்க் குழாய் ஒன்று கடலில் வந்து முடிகிறது. அதன் வாயருகே பாசி பிடித்த கற்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நாற்பது நாள் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்று நாலாம் கம்பம் வரை போனாள். அதற்கு மேல் கால் நகர மறுத்தது. சரி, இன்றைக்கு மட்டும் என்று ஐந்தாம் கம்பத்தில் இரண்டு பாட்டில்களை நிரப்பி, ஒன்றின் மேல் நாலு என்று எழுதினாள். அன்று முழுவதும் மனசு குறுகுறுத்தது. அடுத்த முறை அவ்வளவாக இல்லை. ஒரு மாதத்தில் அது குறுகுறுப்பதையே விட்டுவிட்டது. மனசைப் பழக்குவது அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத இடம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பாட்டில் புண்ணியத்தில் நாலாம் கம்பம் கரையிலேயே சுத்தமான இடம் என்று பெயர் வாங்கிவிட்டது. அலையும் அங்கே குறைவு. அவளுடைய தங்கை நீச்சல் சொல்லித் தருகிறவள். நாற்பது வயசுக்கு மேல் நீச்சல் கற்றே தீருவோம் என்று பிடிவாதமாக வந்த பதினோரு பெண்கள் அவளிடம் படித்தார்கள். அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த கணக்கைப் பார்த்துத்தான் போன வருஷம் தங்கை வகுப்பை நாலாம் கம்பத்துக்கு மாற்றினாள். "எங்க அக்கா பாத்த தண்ணி" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். அக்கா அதைக் கேட்டுச் சிரித்து வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? உங்க நாலும் அஞ்சும் ஏன் எப்பவும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு? இதுல மூணு குழின்னா அதுலயும் மூணோ நாலோதான். பழைய தாளெல்லாம் புரட்டிப் பாத்தேன். மழைக் காலத்துலகூட அப்படியேதான் வருது."

"பக்கத்துப் பக்கத்துல இருக்கறதுதானே சார்" என்றாள்.

"மூணாம் கம்பமும் பக்கத்துலதான் இருக்கு. அது தனியாத்தானே நிக்குது?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளோ ஐஸ் பெட்டியை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை, பெட்டியை வாங்கிக்கொண்டு, ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக நாலாம் கம்பத்தில் இறங்கினாள். வாரக்கணக்கில் மழை இல்லை. மழைநீர்க் குழாய் காய்ந்து கிடக்க வேண்டும். அது காய்ந்து கிடக்கவில்லை. மெல்லிய சாம்பல் நிறத்தில் ஏதோ ஒழுகிக்கொண்டே இருந்தது. கற்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் நின்றது, கால் வைத்த இடத்தில் கொழகொழவென்றது. அவளுக்கு நாற்றத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியும். அழுகிய கடல்பாசி ஒரு வாடை, செத்த மீன் ஒரு வாடை. இது கழிப்பறை வாடை. எங்கேயோ மேலே ஒரு கழிவுக் குழாய் உடைந்து இதில் கலக்கிறது. எத்தனை நாளாக என்று அவளால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவள் அவள்தான்.

பாட்டிலை மூடி நிமிர்ந்தபோது நாற்பதடி தள்ளித் தங்கை தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் பதினோரு பெண்கள், கையைக் கோத்துக்கொண்டு, கூச்சலும் சிரிப்புமாக. கம்பத்தின் மேல் பச்சைக் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இந்தப் பக்கம் வந்திருக்கே? அதிசயமா இருக்கு" என்றபடி தங்கை கரையேறி வந்தாள். லேசாக நொண்டினாள்.

"காலுக்கு என்ன?"

"சிப்பி கிழிச்சிடுச்சு. முந்தாநாள். ஒண்ணுமில்ல, உப்புத் தண்ணி பட்டா ஆறிடும்."

"இன்னைக்கு இறங்க வேண்டாமே. எல்லாரையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போயேன்."

"ஏன்? கொடி பச்சைதானே?"

"பச்சைதான்."

"அப்புறம் என்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐந்து வருஷம் வரிசையில் நின்றது. நாளைக்கு மதியம் தட்டு சொல்லிவிடும், அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், ஒரு நாள்தானே என்று நினைத்தாள். "ஒண்ணுமில்ல, கால் புண்ணோட நிக்கறியேன்னு பாத்தேன்" என்று மென்று முழுங்கினாள். தங்கை சிரித்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். அக்கா ஐஸ் பெட்டியின் மூடியை இரண்டு தடவை அழுத்தி மூடினாள்.

வியாழக்கிழமை மதியம் ஆய்வகத்தில் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டார்கள். முதல் தட்டில் இரண்டு குழி. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் நாலு. நாலாவது தட்டை எடுத்து வைத்ததும் புதியவர் விளக்கை இன்னும் கிட்ட இழுத்தார். தொண்ணூற்றேழு குழியும் நீலமாக எரிந்தது. ஒன்றுகூட பாக்கி இல்லை. அந்த வெளிச்சம் அவர் முகத்திலும் அவள் முகத்திலும் விழுந்தது.

"ஒரே நாள்ல இப்படி ஆகுமா அக்கா?" என்று கேட்டார். அவள் சிவப்புக் கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொடியை ஏற்றிக் கயிற்றை முடிச்சுப் போடும்போது போன் அடித்தது. தங்கை புருஷன்.

"அக்கா, அவளுக்குக் காய்ச்சல் கொதிக்குது. காலு முழங்கால் வரைக்கும் வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நீங்க கொஞ்சம் வாங்க."

முடிச்சைச் சரியாகப் போட்டோமா என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை சுருண்டு படுத்திருந்தாள். கால் பளபளவென்று வீங்கி, காயத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கொப்புளம் கட்டியிருந்தது. டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கடல்ல இறங்கினேன்னு சொன்னீங்க. அங்க சாக்கடை ஏதாவது கலக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதைப் பொறுத்து மருந்து மாறும்."

"இல்ல டாக்டர்." காய்ச்சலிலும் தங்கையின் குரலில் அந்தப் பழைய பெருமை இருந்தது. கை நீட்டி அக்காவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அது சுத்தமான தண்ணி. பாக்கறது யாரு தெரியுமா? இவங்கதான், எங்க அக்கா."

"அப்ப சரி" என்று டாக்டரம்மா சீட்டின் ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

பேசாமல் இருந்தால் இந்தக் கை இப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

"டாக்டர், அதை அடிக்காதீங்க" என்றாள். "அங்க சாக்கடை கலக்குது. கக்கூஸ் தண்ணி. நான் அஞ்சு வருஷமா அந்த இடத்துல தண்ணியே எடுக்கல. பக்கத்துல எடுத்து அந்த நம்பரைப் போட்டேன்."

டாக்டரம்மா திரும்பி வந்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, ஏறிக்கொண்டிருந்த மருந்தோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். நர்ஸ் ஓடினாள். மணிக்கட்டிலிருந்து தங்கையின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

"நேத்து என்னைப் பாத்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். பிறகு திரும்பாமலே, தலையணைக்கடியில் இருந்த போனைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"மத்த பதினோரு பேருக்கு யாரு சொல்றது? இதுல நம்பர் இருக்கு."

அக்கா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். முதல் நம்பரை அழுத்தினாள். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க டீச்சர்" என்றது கம்மிய குரல். "ராத்திரியிலேருந்து காய்ச்சலும் வாந்தியுமா இருக்கு. ஆனாலும் நாளைக்கு வந்துடுவேன். கொடி பச்சைதானே?"